மேசையும் மேசாவும்: ஸ்பானிஷ் மொழி நாள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் ஏழெட்டுப் பேருக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் வகுப்பில் பாதி நேரம் இந்தக் கேள்விகளுக்கே போய்விடும். வருடா வருடம் வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டேன்.

ஸ்பானிஷ் மொழி நாள் என்றைக்கு? யார் வைத்தது?

ஏப்ரல் 23. ஐக்கிய நாடுகள் சபைக்கு ஆறு அலுவல் மொழிகள். 2010இல் அந்த ஆறுக்கும் ஆளுக்கொரு நாள் ஒதுக்கினார்கள். ஸ்பானிஷுக்கு முதலில் குறித்த தேதி அக்டோபர் 12. கொலம்பஸ் கரீபியத் தீவில் கால்வைத்த நாள். ஸ்பெயினுக்கு அது தேசிய விழா. லத்தீன் அமெரிக்காவில் பல பேருக்கு அது நிலமும் உயிரும் பறிபோன கதை தொடங்கிய நாள். வெனிசுவேலா அதைப் பூர்வகுடிகள் எதிர்த்து நின்றதை நினைவுகூரும் 'பூர்வகுடிகளின் எதிர்ப்பு நாள்' என்றே மாற்றிவிட்டது. அப்படிப்பட்ட தேதியில் மொழிக்கு விழா எடுத்தால் பாதி வீடு வராது. அப்புறம்தான் 'டான் குவிக்சோட்' நாவலை எழுதிய செர்வாந்தேஸின் நினைவு நாளான ஏப்ரல் 23க்கு வந்தார்கள். நல்ல மாற்றம் என்பேன்.

செர்வாந்தேஸும் ஷேக்ஸ்பியரும் ஒரே நாளில் இறந்தார்களாமே?

கேட்க அழகாக இருக்கிறது, உண்மையில்லை. செர்வாந்தேஸ் இறந்தது 1616 ஏப்ரல் 22. மாத்ரிதில் ஒரு கன்னிமாடத்தில் அடக்கம் செய்தது மறுநாள். ஷேக்ஸ்பியர் இறந்த ஏப்ரல் 23 இங்கிலாந்தின் பழைய நாள்காட்டிக் கணக்கு. ஸ்பெயின் 1582லேயே புதிய கிரெகோரியன் நாள்காட்டிக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து வந்தது 1752இல். நடுவில் பத்து நாள் இடைவெளி. ஸ்பெயின் கணக்கில் பார்த்தால் ஷேக்ஸ்பியர் போய்ச் சேர்ந்தது மே 3.

அன்றைக்கு என்னதான் நடக்கும்?

மாத்ரிதுக்குப் பக்கத்தில் அல்காலா தெ எனாரெஸ் என்ற ஊர், செர்வாந்தேஸ் பிறந்த ஊர். அங்குள்ள பல்கலைக்கழக மண்டபத்தில் ஸ்பானிஷ் இலக்கியத்தின் ஆகப் பெரிய பரிசான செர்வாந்தேஸ் விருதை அரசர் கையால் கொடுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது மாத்ரிதில் நடக்கும் தொடர் வாசிப்பு. 'தொன் கிஹோத்தே' நாவலை (நம்மூரில் டான் குவிக்சோட்) முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படிப்பார்கள். இரவும் பகலுமாகக் கிட்டத்தட்ட 48 மணி நேரம். அமைச்சர், மாணவர், ஓய்வுபெற்றவர், ஸ்பானிஷ் அரைகுறையாகத் தெரிந்த வெளிநாட்டுக்காரர் என்று ஆளுக்குச் சில வரி. 1997 முதல் நடக்கிறது. நம் ஊர்களில் இரவெல்லாம் பாரதக் கதை கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

அதே நாளில் பார்சிலோனாவில் தெருவெல்லாம் ரோஜாவும் புத்தகமுமாக இருக்கும். அதையும் ஸ்பானிஷ் மொழி நாள் கொண்டாட்டம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது கட்டலான் மக்களின் புனித ஜோர்தி விழா, இந்த ஐ.நா. நாளுக்கு ரொம்பவும் முந்தியது. கேட்டால் திருத்துவார்கள், கொஞ்சம் முகம் சுளித்தே திருத்துவார்கள்.

கட்டலான் என்றால் ஸ்பானிஷின் வட்டார வழக்குதானே?

இல்லை, தனி மொழி. கலீசிய மொழியும் அப்படியே. பாஸ்க் மொழியோ உலகத்தில் எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத ஒன்று. சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் இந்த மூன்றையும் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் விரட்டினார்கள். 1978 அரசியல் சட்டம்தான் அவற்றுக்கு அந்தந்தப் பகுதியில் அலுவல் மொழித் தகுதி கொடுத்தது.

அந்தச் சட்டத்தில் நாட்டின் பொது மொழிக்கு 'எஸ்பாஞோல்' என்று பெயர் இல்லை. 'காஸ்தெயானோ', அதாவது காஸ்தீலிய மொழி என்றே இருக்கிறது. ஏன்? கட்டலானும் ஸ்பெயினின் மொழிதானே, ஒன்றை மட்டும் 'ஸ்பெயின் மொழி' என்றால் மற்றது என்ன என்ற கேள்வி வரும். அர்ஜென்டினாவிலும் பெருவிலும் காஸ்தெயானோ என்ற பெயரே அதிகம் புழங்குகிறது. மொழி அரசியல் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

எத்தனை பேர் பேசுகிறார்கள்?

தாய்மொழியாக ஏறக்குறைய 50 கோடிப் பேர்; சீனத்துக்கு அடுத்த இடம். இருபது நாடுகளிலும் புவேர்த்தோ ரிக்கோவிலும் அலுவல் மொழி. மெக்சிகோவின் மக்கள்தொகை மட்டுமே 13 கோடி. ஸ்பெயினில் இருப்பவர்கள் பத்தில் ஒரு பங்குதான். அதனால் 'சுத்தமான ஸ்பானிஷ் ஸ்பெயினில்தான்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆப்பிரிக்காவிலும் ஒரு நாடு உண்டு, எக்குவடோரியல் கினி. அதைப் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இந்த மொழி எங்கே பிறந்தது?

மொழிக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. ஆனாலும் ஸ்பெயின்காரர்கள் கைகாட்டும் இடம் ஒன்று உண்டு: ரியோஹா பகுதியில் சான் மியான் தெ லா கொகோயா மடம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு துறவி லத்தீன் ஏடு ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். புரியாத சொல் வந்த இடத்தில் எல்லாம் ஓரத்திலும் வரிகளுக்கு நடுவிலும் பேச்சு வழக்கில் பொருள் குறித்து வைத்தார். அந்தக் கிறுக்கல்தான் இன்றைக்குப் பொக்கிஷம். பொதுத் தேர்வுக்கு ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் பென்சிலால் தமிழ் அர்த்தம் எழுதி வைப்போமே, அதே காரியம்.

இரண்டு வேடிக்கை. ஒன்று, அந்த வழக்கு அசல் காஸ்தீலியமே அல்ல, பக்கத்து நவார்ரா, அரகோன் பகுதிகளின் வழக்குக்கு நெருக்கமானது என்கிறார்கள் மொழியியலார். இன்னொன்று, அதே ஏட்டில் இரண்டு குறிப்புகள் பாஸ்க் மொழியில் இருக்கின்றன. தொட்டிலிலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளையும் படுத்திருந்திருக்கிறது.

முதல் இலக்கண நூலை 1492இல் நெப்ரிஹா எழுதினார். கொலம்பஸ் கப்பல் ஏறிய அதே வருடம். முன்னுரையிலேயே, மொழி எப்போதும் பேரரசுக்குத் துணையாகவே வந்திருக்கிறது என்று அரசிக்கு எடுத்துச் சொல்கிறார். அடுத்து நடந்தது தெரிந்த கதை.

'N' எழுத்தின் தலையில் நெளிகோடு போட்ட எழுத்து எதற்கு?

நம்முடைய ஞ தான் அது. இடைக்காலத்தில் ஏடு எழுதியவர்கள் தோலையும் மையையும் மிச்சம் பிடிக்க, இரண்டு 'ன'கரம் சேர்ந்து வரும் இடத்தில் ஒன்றை எழுதி, மற்றதைச் சின்னக் கோடாக மேலே ஏற்றினார்கள். லத்தீன் 'அன்னுஸ்' இப்படித்தான் 'அஞோ' (வருடம்) ஆனது. கோட்டை மறந்துவிட்டு வயதைச் சொன்னால் 'அனோ' ஆகிவிடும். அது ஆசனவாய். 'எனக்கு முப்பது வயது' என்று எழுதும்போது கவனம் தேவை.

1991இல் ஐரோப்பியச் சமூகத்திலிருந்து ஒரு நெருக்கடி வந்தது. இந்த எழுத்து இல்லாத விசைப்பலகை கொண்ட கணினிகளை விற்கக் கூடாது என்ற ஸ்பெயினின் விதி வணிகத்துக்குத் தடையாக இருக்கிறதாம். எழுத்தாளர்கள் கொதித்தார்கள். 1993இல் அரசு ஆணை போட்டு எழுத்தைக் காப்பாற்றியது. தட்டச்சில் கிரந்தமா, தமிழா என்று சண்டை போட்ட நமக்கு இதுவும் புரியும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு ஸ்பானிஷ் சுலபமா?

உச்சரிப்பில், ஆங்கிலேயர்களைவிட நாம் பல படி முன்னால். இதை வெறும் பெருமைக்குச் சொல்லவில்லை. வாயில் வைத்துப் பாருங்கள்.

ஸ்பானிஷில் உயிர் ஐந்து: அ, எ, இ, ஒ, உ. அவ்வளவுதான். 'து' (நீ) என்பதில் வருவது நம் த. ஆங்கில 'ட' அல்ல. ப, த, க எதிலும் மூச்சு வெடிக்காது. 'பெரோ' என்றால் 'ஆனால்'. அதையே ற-வை நாக்கு நுனியில் இரண்டு மூன்று முறை அதிரவிட்டு 'பெறோ' என்றால் 'நாய்'. யாழ்ப்பாணத்திலும் நாகர்கோவில் பக்கமும் மரம், மறம் இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஆட்களுக்கு இது பிறவி வரம். சென்னைக்காரர்கள் கொஞ்சம் பயிற்சி எடுக்க வேண்டும்.

இன்னொரு ஒற்றுமையை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தரவில்லை, வகுப்பில்தான் பிடிபட்டது. தமிழில் 'தங்கம்' என்னும்போது க கெட்டியாக ஒலிக்கிறது. 'பகல்' என்னும்போது இளகிவிடுகிறது. 'சந்து', 'காது' இரண்டிலும் த-வும் அப்படியே. ஸ்பானிஷிலும் இதே கதை. 'தெங்கோ' (என்னிடம் இருக்கிறது) என்பதில் கெட்டி, 'லாகோ' (ஏரி) என்பதில் இளக்கம். 'தோந்தே' (எங்கே) கெட்டி, 'லாதோ' (பக்கம்) இளக்கம். ஆங்கிலேயர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த வித்தை நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

இலக்கணத்தில் ஒரு பரிசு: 'மே குஸ்தா எல் கஃபே'. சொல்லுக்குச் சொல் 'எனக்குப் பிடிக்கும் காபி'. 'மே துஎலே லா கபேசா', 'எனக்கு வலிக்கிறது தலை'. ஆங்கிலம் வழியாக யோசிக்கிறவர்கள் 'நான் விரும்புகிறேன்' என்று தொடங்கி முட்டிக்கொள்வார்கள். என் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: ஆங்கிலத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். 'நான்' என்று தனியாகச் சொல்லவும் வேண்டாம். 'வந்தேன்' போல வினையிலேயே ஆள் தெரியும்.

சரி, கஷ்டம் எங்கே? மேசைக்கும் பெண்பால், புத்தகத்துக்கு ஆண்பால். திணையும் பாலும் தெளிவாகப் பிரித்த மொழியில் வளர்ந்தவருக்கு இது அநியாயமாகத் தெரியும். 'இரு' என்பதற்கு 'செர்', 'எஸ்தார்' என்று இரண்டு வினை. மாற்றிப் போட்டால் 'எனக்குப் போரடிக்கிறது' என்பதற்குப் பதில் 'நான் ஒரு போர்' என்று ஆகிவிடும்.

தமிழுக்கும் ஸ்பானிஷுக்கும் பொதுவான சொற்கள் உண்டா?

நிறைய உண்டு, பெரும்பாலும் போர்த்துகீசியம் நடுவில் நின்று கைமாற்றியவை. போர்த்துகீசியமும் ஸ்பானிஷும் உடன்பிறந்தவை என்பதால் நம் வீட்டுச் சாமான் பல அங்கே உறவுக்காரர் ஆகிவிடுகிறது. மேசை அங்கே 'மேசா'. அலமாரி 'அர்மாரியோ'. ஈழத்தில் காலணியைச் சப்பாத்து என்பார்கள், ஸ்பானிஷில் 'சபாத்தோ'. துவாய், 'தோவாயா'. கொழும்பிலிருந்து வந்த மாணவி ஒருவர் முதல் பாடத்திலேயே 'இது எங்கட அம்மம்மா பேசுறது' என்று சிரித்தார்.

கொய்யாவும் பப்பாளியும் கரீபியப் பக்கத்துப் பூர்வகுடிகளின் சொற்கள். கப்பல் ஏறி நம்மிடம் வந்தவை. இங்கிருந்து போனவை மாங்காய் ('மாங்கோ'), கட்டுமரம் ('கத்தமரான்'). ஆரஞ்சுக்கு 'நரான்ஹா' என்கிறார்கள். அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னால் போனால் நம் நாரத்தையின் பக்கத்தில் போய் நிற்கும். வேர் திராவிடமாக இருக்கலாம் என்பது பரவலான கருத்து.

அரபு பற்றித் தனியாகவே எழுதலாம். எட்டு நூற்றாண்டு உறவு. சர்க்கரை, எண்ணெய், தலையணை, பருத்தி எல்லாவற்றுக்கும் அரபுப் பெயர்தான். 'ஒஹலா' என்று ஒரு சொல், 'அப்படி நடக்காதா' என்ற ஏக்கத்துக்கு. 'அல்லாஹ் நாடினால்' என்ற அரபுத் தொடரே அப்படித் தேய்ந்தது. கிறிஸ்தவப் பாதிரியாரும் அதைச் சொல்லித்தான் பெருமூச்சு விடுகிறார்.

போன சொற்களில் இன்னொன்றும் இருக்கிறது: 'பாரியா'. ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஸ்பானிஷ் அகராதியில் உள்ள இந்தச் சொல் 'பறையர்' என்ற சாதிப் பெயரிலிருந்து வந்தது. நம் ஊர்த் தீண்டாமையை ஐரோப்பா ஒரு சொல்லாகவே எடுத்துக்கொண்டது.

கவிஞர் பாப்லோ நெருதா இலங்கையில் இருந்தார் என்கிறார்களே?

இருந்தார். 1929 முதல் 1930 வரை கொழும்பில் சிலி நாட்டுத் தூதரக அதிகாரி. வெள்ளவத்தையில் கடலோரமாக வீடு. மேலே சொன்ன 'பாரியா' என்ற சொல் மறுபடியும் வருவது இங்கேதான். அவர் இறந்த மறுவருடம், 1974இல் வெளியான நினைவுக் குறிப்புகளில், தினமும் விடியலில் வந்து தன் கழிவறை வாளியைச் சுத்தம் செய்த பெண்ணைப் பற்றி எழுதுகிறார். தமிழ்ப் பெண், பறையர் சாதி என்று குறிப்பிடுகிறார். ஒரு நாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வன்புணர்ந்ததை அவரே எழுதியிருக்கிறார். அவள் கண் திறந்தபடி சிலைபோல் கிடந்தாள், தன்னை இகழ்ந்தது நியாயமே என்றும் எழுதியிருக்கிறார். பெயர் எழுதவில்லை.

பல பத்தாண்டுகள் இது பெரிதாகப் பேசப்படவில்லை. 2018இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோது சிலியின் பெண்ணியவாதிகள் இந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள். ஸ்பானிஷ் மொழி நாளுக்கு நெருதாவின் காதல் கவிதை வாசிக்கலாமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்கிறார்கள். என் வகுப்பில் வாசிப்பதில்லை. கப்ரியேலா மிஸ்த்ரால் இருக்கிறார்: அதே சிலி, லத்தீன் அமெரிக்காவின் முதல் இலக்கிய நோபல், 1945, பள்ளி ஆசிரியை. அவரை வாசிக்கிறோம்.

நீ, நீங்கள் வேறுபாடு உண்டா?

உண்டு. 'து' நீ, 'உஸ்தெத்' நீங்கள். உஸ்தெத் என்பது 'தங்கள் கருணை' என்ற பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து வந்தது. ஆனால் நம் கணக்கு அப்படியே செல்லாது. ஸ்பெயினில் கடைக்காரர் முதல் பேச்சிலேயே 'து' போடுவார், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொலம்பியாவின் போகோதாவில் அம்மா பிள்ளையையே உஸ்தெத் என்பார். நாம் குழந்தையை 'வாங்க, சாப்பிடுங்க' என்று கொஞ்சுவதில்லையா. அர்ஜென்டினாவில் 'து' கிடையாது, 'வோஸ்'.

நாட்டுக்கு நாடு சொல் மாறுமா?

மாறும், சில சமயம் மானம் போகிற அளவுக்கு. பேருந்துக்கு ஸ்பெயினில் 'அவுத்தோபூஸ்', கியூபாவில் 'குவாகுவா', மெக்சிகோவில் 'கமியோன்', புவெனோஸ் ஐரெஸில் 'கொலெக்தீவோ'. பேருந்தைப் பிடிப்பதற்கு ஸ்பெயினில் சொல்லும் 'கொஹெர்' என்ற வினையை மெக்சிகோவிலோ அர்ஜென்டினாவிலோ சொல்லிவிடாதீர்கள். அங்கே அது உடலுறவு.

பிளமெங்கோ ஆட்டம் கதக்கிலிருந்து வந்ததா?

இணையத்தில் இப்படி அடித்துச் சொல்கிறார்கள். நேர்க்கோடு இல்லை. பிளமெங்கோவை வளர்த்த ஹித்தானோ மக்கள் ரோமா இனத்தவர். அவர்களின் மூதாதையர் வட இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டு நடந்து, 15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் சேர்ந்தார்கள். அவர்கள் பேச்சில் தண்ணீருக்கு 'பஞீ', இந்தி 'பானி'யின் உறவு. ஆனால் பிளமெங்கோ தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் உருவான கலை. அதில் அந்த மண்ணின் நாட்டுப்பாட்டும் கலந்திருக்கிறது. 1749இல் ஒரே நேரத்தில் வளைத்து ஹித்தானோக்களை ஆயிரக்கணக்கில் சிறை பிடித்த நாடு, 2010இல் அதே கலைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கியது.

தாளம் தெரிந்தவர்கள் 'சொலெயா' என்ற பிளமெங்கோ வகையைக் கேளுங்கள். பன்னிரண்டு அடி, அழுத்தம் 3, 6, 8, 10, 12இல் விழும். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. கையில் போட்டுக்கொண்டே கேட்டால் இரண்டாவது சுற்றில் பிடிபடும்.

பாயேயா என்பது ஸ்பெயின் பிரியாணியா?

தயவுசெய்து வலென்சியாக்காரர் காதில் விழச் சொல்லாதீர்கள். பாயேயா என்பது முதலில் அந்தத் தட்டையான இரும்புச் சட்டியின் பெயர். கோழி, முயல், அகலமான பச்சை அவரை, வெள்ளைப் பெரும்பயறு, குங்குமப்பூ, குண்டு அரிசி. அரிசி போட்ட பிறகு கரண்டி படக் கூடாது. கடைசி சில நிமிடம் தீயைக் கூட்டுவார்கள். தண்ணீர் வற்றி அடியில் படபடவென்று பொரியும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுத்தான் இறக்குவார்கள். அடியில் பிடித்த பொன்னிறக் காந்தலுக்கு 'சொகர்ராத்'. வீட்டில் நாம் சட்டியைச் சுரண்டி அடித்துக்கொள்வோமே, அதே அடிதடி அங்கேயும் உண்டு. இது மதியச் சாப்பாடு; இரவில் பாயேயா கேட்பவரைச் சுற்றுலாப் பயணி என்று முடிவுகட்டிவிடுவார்கள்.

இரவுச் சாப்பாட்டை ஏன் பத்து மணிக்குச் சாப்பிடுகிறார்கள்?

கடிகாரமும் ஒரு காரணம். மாத்ரித் லண்டனுக்கும் மேற்கே இருக்கிறது. ஆனால் 1940இல் பிராங்கோ ஜெர்மனியின் நேரத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பிவைத்தார், திரும்ப மாற்றவே இல்லை. கோடையில் ஒன்பதரைக்கும் வெளிச்சம். சூரியன் கணக்கில் பார்த்தால் அவர்கள் அப்படியொன்றும் தாமதமாகச் சாப்பிடவில்லை.

நாங்கள் எப்படிக் கொண்டாடுவது?

எங்கள் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். ஏப்ரல் 23 மாலை ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படிப்போம்; தப்பாகப் படித்தாலும் யாரும் திருத்தக் கூடாது. அப்புறம் உருளைக்கிழங்கு முட்டை 'தோர்த்தியா'. (மெக்சிகோவில் அதே பெயருக்குச் சோள ரொட்டி வரும், இரண்டையும் செய்து வைத்துவிட்டால் வம்பில்லை.) அப்புறம் 'சோப்ரேமேசா'. சாப்பிட்டு முடித்தபின் தட்டை எடுக்காமல், எழுந்திருக்காமல், காபியோடு அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நேரத்துக்குப் பெயர் அது. 'மேசையின் மேல்' என்று பொருள். ஸ்பெயினில் நாமாகக் கேட்காமல் பில் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். போன வருடம் ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். வாட்ச்மேன் வந்து கேட்டைப் பூட்ட வேண்டும் என்றபோது மணி பதினொன்றேகால்.